ஆடைச் சுட்டுத்துண்டை விளங்கிக்கொள்ளலும் ஆடைப் பராமரிப்பும்

மனைப்பொருளியல் – க.பொ.த. (சாதாரண தரம்)

அறிமுகம்

ஆடையின் கழுத்துப் பகுதியிலோ உட்பக்க ஓரத் தையலிலோ வைத்துத் தைக்கப்பட்டிருக்கும் சிறிய துண்டே சுட்டுத்துண்டு (லேபல்) ஆகும். உறுத்துகிறது என்று பலர் இதனை வாங்கிய அன்றே வெட்டி எறிந்துவிடுகின்றனர். அந்த ஆடையை எவ்வாறு கழுவி, உலர்த்தி, அழுத்த வேண்டும் என்ற தகவலும் அதனோடு போய்விடுகின்றது.

மாணவர்களே, குறியீடுகளைப் படம் படமாக மனனம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு குறியீட்டுக்கும் பின்னால் நாரின் இயல்பு ஒன்று உள்ளது. அதனை விளங்கிக்கொண்டால் "காரணம் தருக" என்ற வினாவுக்கும் விடை எழுதலாம். சுட்டுத்துண்டே இல்லாத துணியையும் பாதுகாக்கலாம்.

1. சுட்டுத்துண்டில் காணப்படும் தகவல்கள்

• நாரின் வகையும் வீதமும் (உ+ம்: 65% பொலியெஸ்தர், 35% பருத்தி)
• ஆடையின் அளவு
• உற்பத்தி செய்த நாடு
• உற்பத்தியாளரின் பெயர் அல்லது வர்த்தகக் குறி
• பராமரிப்புக் குறியீடுகள்

2. பராமரிப்புக் குறியீடுகள்

கட்டுநாயக்கவில் தைக்கப்படும் சட்டையை ஐரோப்பாவில் ஒருவர் வாங்கலாம். மொழி தெரியாதவரும் விளங்கிக்கொள்ளவே சொற்களுக்குப் பதிலாக உருவங்கள் பயன்படுத்தப்படுகின்றன. அடிப்படை உருவங்கள் ஐந்து.

(அ) நீர்த் தொட்டி – கழுவுதல். உள்ளே உள்ள எண் நீரின் உச்ச வெப்பநிலையைப் பாகை செல்சியசில் காட்டும். கை உருவம் இருப்பின் கையால் மட்டும் கழுவ வேண்டும். தொட்டியின் கீழ் ஒரு கோடு இருப்பின் மென்மையாகவும், இரு கோடுகள் இருப்பின் மிக மென்மையாகவும் கழுவ வேண்டும்.

(ஆ) முக்கோணம் – வெளிற்றுதல். வெறும் முக்கோணம் எனின் எந்த வெளிற்றும் பதார்த்தத்தையும் பயன்படுத்தலாம். உள்ளே இரு சாய்கோடுகள் இருப்பின் குளோரீன் கலந்தவற்றைத் தவிர்க்க வேண்டும்.

(இ) சதுரம் – உலர்த்துதல். உள்ளே வட்டம் எனின் உலர்த்தும் இயந்திரம்; நிலைக்குத்துக் கோடு எனின் கொடியில் உலர்த்தல்; கிடைக்கோடு எனின் தட்டையாக விரித்து உலர்த்தல். மேல் மூலையில் சாய்கோடுகள் இருப்பின் நிழலில் உலர்த்த வேண்டும்.

(ஈ) மின்னழுத்தி – அழுத்துதல். ஒரு புள்ளி குறைந்த சூடு (ஏறத்தாழ 110 பாகை), இரு புள்ளிகள் நடுத்தரச் சூடு (ஏறத்தாழ 150 பாகை), மூன்று புள்ளிகள் அதிக சூடு (ஏறத்தாழ 200 பாகை).

(உ) வட்டம் – சலவை நிலையத்தில் செய்யப்படும் உலர்சலவை போன்றவை. உள்ளே உள்ள எழுத்து சலவை செய்பவருக்கான அறிவுறுத்தலாகும்.

எந்த உருவத்தின் மீதும் குறுக்காகப் புள்ளடி இடப்பட்டிருப்பின் அச்செயலைச் செய்யக் கூடாது.

3. நாரின் இயல்பும் பராமரிப்பும்

பருத்தி: நனைந்த நிலையில் வலிமை கூடும், வெப்பத்தைத் தாங்கும். எனவே தேய்த்துக் கழுவலாம். அதிக சூட்டில் அழுத்தலாம்.

ரெயோன்: நனைந்தால் வலிமை குறையும். எனவே முறுக்கிப் பிழியக் கூடாது.

பட்டு, கம்பளி: இவை புரத நார்கள். குளோரீனும் காரம் கூடிய சவர்க்காரமும் இவற்றைச் சிதைக்கும். கம்பளி நாரின் செதில்கள் சுடுநீரில் தேய்க்கும்போது ஒன்றோடொன்று பின்னுவதால் ஆடை சுருங்கும். ஈரத்துடன் தொங்கவிட்டால் நீண்டுவிடும். எனவே விரித்தே உலர்த்த வேண்டும்.

பொலியெஸ்தர், நைலோன்: நீரைக் குறைவாக உறிஞ்சுவதால் விரைவில் உலரும். அதிக வெப்பத்தில் இளகும். எனவே அதிக சூட்டில் அழுத்தக் கூடாது.

விதி: கலப்புத் துணியில் வெப்பத்தை மிகக் குறைவாகத் தாங்கும் நாருக்கு ஏற்றவாறே சூட்டைத் தெரிவு செய்க.

4. சுட்டுத்துண்டு இல்லாத துணி

பாடசாலைச் சீருடைத் துணியை வாங்கித் தையற்காரரிடம் கொடுத்துத் தைப்பிக்கும்போது அதில் சுட்டுத்துண்டு இராது. எரிதல் சோதனை மூலம் நாரை இனங்காணலாம். தையலுக்கு உள்ளே இருந்து சில நூல்களை உருவி, இடுக்கியால் பிடித்து, பெரியவர் ஒருவரின் முன்னிலையில் சுவாலையில் காட்டுக.

• கடதாசி எரியும் மணம், மென்மையான சாம்பல் – பருத்தி, ரெயோன்
• மயிர் கருகும் மணம், நசுக்கினால் பொடியாகும் கரிய எச்சம் – பட்டு, கம்பளி
• சுருங்கி உருகி, கடினமான மணி போலாதல் – பொலியெஸ்தர், நைலோன்

5. வெள்ளைச் சீருடையின் பராமரிப்பு

• நிற ஆடைகளுடன் சேர்த்து ஊறவைக்க வேண்டாம்.
• யாழ்ப்பாணக் கிணறுகள் போன்ற சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணறுகளின் நீர் வன்னீராகும். இதில் சவர்க்காரம் படிவை உண்டாக்கி, வெள்ளைத் துணியைப் பழுப்பாக்கும். சலவைத்தூள் இவ்வாறு படிவதில்லை. எதனைப் பயன்படுத்தினாலும் நன்கு அலசுக.
• இரத்தக் கறையைக் குளிர்ந்த நீரில் கழுவுக. சுடுநீரில் புரதம் உறைந்து கறை நிலைத்துவிடும்.
• மஞ்சள் கலந்த கறிக் கறை சவர்க்காரம் பட்டதும் சிவக்கும். பயப்பட வேண்டாம், கழுவி வெயிலில் உலர்த்த நிறம் மங்கும்.
• கறை நீங்கிய பின்னரே அழுத்துக. வெப்பம் கறையை நிலைக்கச் செய்யும்.

6. மாதிரி வினாவும் விடையும்

வினா: ஓர் ஆடையின் சுட்டுத்துண்டில் 65% பொலியெஸ்தர், 35% பருத்தி என்றும், 40 என எழுதிய நீர்த் தொட்டி, புள்ளடியிட்ட முக்கோணம், இரு புள்ளிகளுடைய மின்னழுத்தி ஆகியனவும் உள்ளன.
(i) மூன்று குறியீடுகளையும் விளக்குக.
(ii) பருத்தி கலந்திருந்தும் அதிக சூட்டில் அழுத்தக் கூடாது. காரணம் தருக.

விடை:
(i) 40 பாகை செல்சியசுக்கு மேற்படாத நீரில் கழுவுதல். வெளிற்றும் பதார்த்தம் பயன்படுத்தாமை. நடுத்தரச் சூட்டில் அழுத்துதல்.
(ii) பருத்தி அதிக சூட்டைத் தாங்கினாலும் பொலியெஸ்தர் இளகி, துணி பளபளப்பாகிப் பழுதடையும். எனவே பொலியெஸ்தருக்கு ஏற்ற சூடே பொருத்தமானது.

கவனிக்க: "துணி பழுதாகும்" என்று மட்டும் எழுதினால் விடை நிறைவடையாது. எந்த நார், எந்த இயல்பு, என்ன விளைவு என்ற மூன்றும் விடையில் இடம்பெற வேண்டும்.

பயிற்சி: உங்கள் வீட்டிலுள்ள மூன்று ஆடைகளின் சுட்டுத்துண்டுகளைப் பார்த்து, குறியீடுகளை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுக.