வளைந்த பாதமும் பெற்றோர் பொறுமையும்

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அவற்றுள் ஏறத்தாழ ஒன்று, பாதம் உள்நோக்கி வளைந்து, குதிகால் மேலே தூக்கியவாறு பிறக்கின்றது. இதனை வைத்தியர் ‘கிளப் ஃபுட்’ என்பர். நம் தாய்மார் வளைந்த பாதம் என்பர். ஆண் குழந்தைகளிடத்து இது இருமடங்காகக் காணப்படும். பாதிக் குழந்தைகளுக்கு இரு பாதங்களும் வளைந்திருக்கும். இதற்கு இக்காலத்தில் நல்ல சிகிச்சை உண்டு. ஆனால் அது நான்காண்டு நீள்வது. அந்நான்காண்டில் பெற்றோர் மனம் தளரும் இடங்கள் எவை, ஆங்கே அவர் செய்யத்தக்கது யாது என்பதை இப்பாடத்தில் ஆராயப் புகுகின்றோம்.

மட்டாஞ்சேரியிலும் அதனையடுத்த வேளியிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. 1976-இல் கட்டப்பட்ட தோபிகானாவில் வெளுப்போரும், கிடங்குகளில் சுமை தூக்குவோரும், சிறுகடை வைத்திருப்போரும் அவருள் அடங்குவர். கிழமைதோறும் ஒரு நாள் கூலியை இழந்து, தோப்பும்படி வழியே பேருந்திலோ, கோட்டைக்கொச்சித் துறையினின்று படகிலோ, கைக்குழந்தையுடன் எறணாகுளம் சென்று மீள்வது அவர்க்கு எளிதன்று. இவ்வளவு பாடுபட்டும் பாதம் நேராகவில்லையே என்று ஒரு தாய் நம்மிடம் வினவினார். அவ்வினாவிற்கு ஆறுதல் மொழி மட்டும் போதாது. சிகிச்சையின் முறையையே விளக்கியாக வேண்டும்.

அதற்குமுன் ஒன்று. கர்ப்பிணி கிரகணத்தன்று அரிவாளைத் தொட்டதால் பாதம் வளைந்தது என்னும் பேச்சு இன்றும் ஒழியவில்லை. அதை விட்டவரும், முன்வினை என்று சொல்லித் தாயின் தலையைக் குனிய வைக்கின்றனர். துன்பங்கள் யாவும் முன்வினையின் பயனோ என்று மோலிய சீவகர் வினவியபொழுது, அக்கொள்கையைப் பகவன் ஏற்கவில்லை. பித்தம், வாயு, பருவ மாறுதல் முதலிய பல காரணங்களை எடுத்துரைத்தார். அதை அறிந்த நாமே ஒரு தாயைப் பழிப்பது தகுமோ? தன்னைக் குற்றவாளியாக எண்ணும் தாய், சிகிச்சை தாமதிக்கும் ஒவ்வொரு கிழமையையும் தனக்குரிய தண்டனையாகக் கருதுவாள். அவ்வெண்ணம் நீங்கினால்தான் மேற்கூறப்போவன அவள் செவியில் ஏறும்.

இச்சிகிச்சையைக் கண்டவர் இக்னாசியோ பொன்செட்டி. 1914-இல் ஸ்பெயின் நாட்டு மெனோர்கா தீவில் கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மகனாய்ப் பிறந்தார். உள்நாட்டுப் போரில் குடியரசுப் படையினர்க்கு வைத்தியம் செய்து, தோல்விக்குப்பின் நாடு துறந்து, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் அடைந்தார். இளமையில் பாதத்தை வெட்டித் திருத்தப்பெற்றவர்களை அவர் பின்னாளில் பரிசோதித்தபோது, அப்பாதங்கள் விறைத்து நோவு தருவனவாய் இருக்கக் கண்டார். ஆதலின் கையால் மெல்லத் திருப்பி மாக்கட்டுப் போடும் முறையை வகுத்தார். 1963-இல் அதன் பயனை வெளியிட்டார். வைத்திய உலகம் அதனைப் பரவலாக ஏற்பதற்கு மேலும் முப்பதாண்டு சென்றது! 2009-இல் அவர் மறைந்தபோது உலகெங்கும் அம்முறை வழங்கிவந்தது. பெற்றோரின் பொறுமையைப் பேசுமிடத்து இவர் பொறுமையையும் நினைப்பது நன்று.

இனி முறையைக் காண்போம். கிழமைக்கொருமுறை பாதத்தை மெல்லத் திருப்பி, விரலடியிலிருந்து தொடை வரை மாக்கட்டுப் போடுவர். ஐந்து முதல் ஏழு கட்டுகள் வேண்டியிருக்கும். முதற்கட்டில் உள்ளங்காலின் அதிகக் குழிவை நீக்கும்பொருட்டு, பாதத்தின் முன்பகுதியைப் பின்பகுதியோடு ஒரே நேராக்குவர். அதனால் பாதம் முன்னிலும் அதிகமாக உள்ளே திரும்பியதுபோல் தோன்றும். அறியாதவர் கெட்டுப்போயிற்று என்று அஞ்சுவது இங்கேதான். அடுத்த கட்டுகளில் பாதம் சிறிது சிறிதாக வெளியே திரும்பும். ஆயினும் தூக்கிய குதிகால் தூக்கியபடியே இருக்கும். அதனைக் கடைசியில் திருத்துவதே முறை. மற்றவை நேராகுமுன் குதிகாலை வலிந்து இறக்கினால் பாதத்தின் நடுப்பகுதி கெடும். ஆகவே நான்காம் கிழமையில் குதிகாலை நோக்கி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வது, சுவர் எழும்பும்போதே கூரை எங்கே என்று கேட்பதை ஒக்கும். பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகளுக்குக் குதிநரம்பைச் சிறு கீறலால் தளர்த்தி, மூன்று கிழமை இறுதிக்கட்டுப் போடுவர். அதற்குள் நரம்பு நீண்டு வளர்ந்து கூடிவிடும்.

கட்டு இருக்கும் நாட்களில் விரல்களைப் பார்த்துவர வேண்டும். அவை நீலம் பாரித்தாலும், குளிர்ந்தாலும், கட்டுக்குள் மறைந்தாலும் மறுநாளுக்குக் காத்திராமல் வைத்தியரிடம் செல்லல் வேண்டும். ஆனி ஆடி மழையில் கட்டு நனையாமல் காப்பது கொச்சியில் தனி வேலையே.

கட்டு அவிழ்ந்ததும் பாதம் நேராகத் தோன்றும். வீட்டார் இனிப்பு வழங்குவர். உண்மையில் நெடிய பகுதி அதன்பின்னரே தொடங்குகின்றது. இரு சப்பாத்துகளை ஒரு கம்பியில் பூட்டிய கருவியை முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 23 மணிநேரமும், பின்னர் உறங்கும் வேளைகளில் மட்டும் நான்கு வயது வரையிலும் அணிவிக்க வேண்டும். இவ்வாண்டுகளில் கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம் ஏதும் இராது. திரும்பிய பாதம் மறுபடி வளையாதிருத்தலே இங்குப் பயன். வளையாதிருப்பதை எவர் கண்ணால் காண்பார்? நாம் பஞ்சாலையில் உழைத்த காலத்தில் ரிங் பிரேமின் முன்னே நின்று பார்த்தால் பாபின் நிரம்புவது தெரியாது. கழற்றிக் கையில் எடுக்கும்போதே கனம் தெரியும். வாய்ச்சியின் பிடி நாளுக்கு நாள் தேய்வதைத் தச்சன் அறியான், தேய்ந்தபின்னரே அறிவான் என்று பகவன் கூறிய உவமையும் இதுவே.

இக்கருவியை ஒழுங்காக அணிந்த குழந்தைகளுள் நூற்றுக்கு ஆறு பேருக்கே பாதம் மீண்டும் வளைந்தது என்றும், அணியாது விட்டவருள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர்க்கு வளைந்தது என்றும் அயோவா வைத்தியர்கள் கண்டனர். இவ்விரு எண்களையும் வீட்டிலுள்ள அனைவர்க்கும் சொல்லிவைத்தல் நலம், பாட்டிக்கு முதலில். ஏனெனில் பேரன் அழுகிறானே என்று நள்ளிரவில் கம்பியைக் கழற்றுவது பெரும்பாலும் பாட்டியின் அன்பே. அவ்வன்பைக் கடிந்து பயனில்லை. முதல் சில நாள் அழுகை, கால்களைத் தனித்தனியே உதைக்க இயலாமையால் வருவது. கம்பியைப் பிடித்து இரு கால்களையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டினால் குழந்தை விரைவில் பழகிவிடும். அவ்விளையாட்டைப் பாட்டியிடமே ஒப்படைக்கலாம்.

குதிகாலில் கொப்புளம் கண்டால் பலர் வாரைத் தளர்த்துகின்றனர். பாதம் உள்ளே வழுக்குவதாலேயே பெரும்பாலும் கொப்புளம் எழும், தளர்த்தினால் மிகும். வைத்தியரிடம் காட்டி, நடுவாரை எவ்வளவு இறுக்குவது என்று கேட்டறிதல் வேண்டும்.

நடை பற்றியும் கவலை எழும். அண்டைவீட்டுக் குழந்தை பதினோராம் மாதத்தில் நடந்ததே என்பர். இச்சிகிச்சை பெறும் குழந்தைகள் ஓரிரு மாதம் தாமதித்து நடப்பது இயல்பு. பெரும்பாலோர் ஒன்றரை வயதிற்குள் நடந்துவிடுவர். அதற்கு மேலும் நடவாவிடின் வைத்தியரிடம் கூற வேண்டும்.

தந்தையர்க்கும் ஒரு சொல். கருவி அணிவிப்பதைத் தாயின் வேலை என்று விட்டுவிடும் வீட்டில், அவள் காய்ச்சலில் படுத்த அன்றே ஒழுங்கு குலையும். சுவரில் தொங்கும் நாட்காட்டியில், அணிவித்த இரவுதோறும் ஒரு கோடு இட்டு வரலாம். பாதத்தை உற்று நோக்கி ஏங்குவதைவிடக் கோடுகளை எண்ணுவது மனத்திற்கு எளிது. வைத்தியர் கேட்கும்போது மெய்யான விடையும் கையில் இருக்கும்.

2013-இல் இந்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமத்தில் வளைந்த பாதமும் சேர்ந்துள்ளது. ஆதலின் பிறந்த குழந்தையிடம் இக்குறை கண்டால் ஆஷா ஊழியரிடமோ அரசு மருத்துவமனையிலோ அத்திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். குழந்தை வளரச் சப்பாத்துச் சிறுத்துவிடும். விரல்கள் முன்விளிம்பைத் தாண்டி வளையத் தொடங்கினால், குறித்த நாள் வரட்டும் என்றிராமல் அடுத்த அளவைக் கேட்டுப் பெறல் வேண்டும்.