குடியும் நாடும்

சொற்கள் உருமாறாது நிற்பப் பொருள் மாறுதல் உலகவழக்கு. அத்தகைய சொற்களுள் ‘குடிமை’ என்பதும் ஒன்று. திருக்குறளிலே குடிமை என்னும் அதிகாரம் நற்குடிப் பிறந்தாரது இயல்பினைக் கூறுவது. இன்று அச்சொல் ஒருவருக்கும் அவர் வாழும் நாட்டுக்கும் இடையேயுள்ள உறவினைக் குறிக்கின்றது. அரசனுக்குரிய அங்கங்களை எண்ணுமிடத்துத் திருவள்ளுவர் ‘குடி’ என்றாரேயன்றி ‘நாடு’ என்றாரல்லர். அங்கே குடி என்றது நாட்டைக் குறித்ததெனப் பரிமேலழகர் பொருள் கொண்டார். குடியைச் சொல்லவே நாடும் பெறப்படும். இரண்டும் ஒன்றையொன்று பிரியா என்பது பழையோர் துணிபு. அவை பிரிந்தவிடத்து விளைவது யாதென்பதை ஈண்டு ஆராய்வாம்.

குடிமகன் யாவன் என்னும் வினாவுக்கு உலகம் இருவகை அளவைகளைக் கையாண்டு வந்துள்ளது. ஒன்று பிறப்புவழி, மற்றொன்று வாழ்வுவழி. கி. மு. 451இல் பெரிக்கிளீசு ஏதென்சு நகரத்துக்கு வகுத்த சட்டம் தாய் தந்தை இருவரும் அந்நகரத்தவராயிருத்தல் வேண்டும் என்றது. இவ்வளவையின் குறைபாட்டுக்கு அரித்தோத்தில் என்னும் பேரறிஞரே சான்றாவர். குடிமகனுக்கு இலக்கணம் வகுத்த அவர், வேற்றூரிற் பிறந்தமையால், தாம் கற்றும் கற்பித்தும் வாழ்ந்த ஏதென்சிற் குடிமகனாக இருந்ததில்லை. உரோமரோ வேறு நெறி சென்றனர். கி. பி. 212இல் கரக்கல்லா மன்னன் தன் பேரரசில் வாழ்ந்த சுதந்திர மக்கள் ஏறக்குறைய அனைவர்க்கும் குடியுரிமை வழங்கினான்.

இனி நம் நாட்டினை நோக்குவாம். பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையிற் பிறந்தோரும், கோப்பித் தோட்டங்களிலும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களிலும் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து வந்தோரும் ஒரே முடியின் பிரசைகளாகவே கொள்ளப்பட்டனர். பிரசை என்பான் ஆளப்படுபவன். குடிமகனோ ஆட்சியிற் பங்குடையவன். 1948இல் நாடு சுதந்திரமடைந்தபோது அப்பங்கு யாவர்க்கு உரியது எனத் துணியவேண்டியதாயிற்று. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பிறப்புவழியையே அளவாகக் கொண்டது. இலங்கையிற் பிறந்த ஒருவர் தம் தந்தையும் இங்குப் பிறந்தவர் என்றாவது, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவர் என்றாவது காட்டவேண்டும். மலையகத்தில் உழைத்த பலரிடம் அதனைக் காட்டும் பத்திரம் இல்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டமொன்று பதிவு மூலம் உரிமை பெற ஒருவழி திறந்ததாயினும், அவ்வழியாற் பயனுற்றோர் சிறுபான்மையோரே. வாக்குரிமையும் குடியுரிமை உடையார்க்கே என வரையறுக்கப்பட்டது. இந்தியாவும் அவர்களைத் தானாகவே தன் குடிகளாக ஏற்கவில்லை. இங்ஙனம் ‘நாடற்றோர்’ என்னும் சொல் நம் வழக்கில் நிலைபெற்றது.

அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 1948 நவம்பர் 15ஆந் திகதி. இருபத்தைந்து நாள் கழித்து, திசெம்பர் 10ஆந் திகதி, ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டவராகும் உரிமை உண்டென அதன் 15ஆம் உறுப்புரை கூறுகின்றது. கொள்கை ஒருபுறமும் சட்டம் மற்றொருபுறமுமாக நின்றன.

1964 ஒற்றோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் லால் பகதூர் சாத்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 9,75,000 மக்கள் எண்ணிக்கையாற் பங்கிடப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்றாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இருநாடும் 1974இற் சமபாகமாக ஏற்றன. எங்கே வாழ விரும்புகின்றீர் என அம்மக்களைக் கேட்டு அத்தொகைகள் வகுக்கப்படவில்லை. ஈற்றில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், ஒப்பந்த நாள் முதல் இங்கு நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. பாட்டன் பிறந்த இடம் பற்றிய வினா நீங்க, வாழ்ந்தமையே அளவாயிற்று. அவ்வளவைக்கு வந்துசேர ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

உலகமும் இதே திசையில், ஆயின் ஒருசீராயன்றி, நகர்ந்து வருகின்றது. 1993 முதல் ஐரோப்பிய ஒன்றியத்து உறுப்பு நாடொன்றின் குடிமகன் பிறிதோர் உறுப்பு நாட்டில் வாழுங்கால் அங்குள்ள உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். இலங்கையும் 1987இல் இரட்டைக் குடியுரிமைக்கு இடமளித்தது. எனினும் 2022இன் 21ஆம் திருத்தம் இரட்டைக் குடியுரிமையுடையார் பாராளுமன்ற உறுப்பினராதலை விலக்கியது. பாரசீக வளைகுடா நாடுகளிலோ ஆண்டு பல உழைத்த பிறநாட்டார் குடியுரிமை பெறுதல் அரிதினும் அரிது. பொருளும் பணமும் எல்லை கடத்தல் எளிதாயிற்று. உழைப்பவன் உரிமை அவனுடன் எல்லை கடத்தல் எளிதாகவில்லை.

நம் கல்லூரிப் பழைய மாணவர் பலர் இன்று பிறநாடுகளிற் குடியுரிமை பெற்று வாழ்கின்றனர். கனடாவில் நிரந்தர வதிவுரிமை உடைய ஒருவர் ஐந்தாண்டுக்குள் 1,095 நாள் அங்கு வாழ்ந்தமையைக் காட்டி, ஏனைய விதிகளையும் நிறைவேற்றின், அந்நாட்டுக் குடியாகலாம். பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்தனரா என வினவியிருப்பின் நம்மவருள் எத்துணைப்பேர் தேறியிருப்பர்? வேற்றுமண்ணில் நாம் உவந்து ஏற்ற அளவையை நம் மண்ணில் பிறர்க்கு மறுத்தல் அறமாகாது.

மாணவர்காள்! குடியுரிமை என்பது கடவுச்சீட்டில் எழுதப்படும் ஒரு சொல் மாத்திரமன்று. வாக்கு, நிலம், தொழில், நீதிமன்று ஆகிய பல வாயில்களுக்கும் அதுவே திறவுகோல். இரு குடியுரிமை உடையானுக்குச் சில வாயில்களே அடைபடும். ஒன்றுமில்லாதானுக்கு எல்லாம் அடைபடும். நாளை நீவிர் சட்டம் இயற்றுவோராயினும், அலுவலகத்திலிருந்து விண்ணப்பம் நோக்குவோராயினும், ஒருவனது மூதாதையர் எங்குப் பிறந்தனர் என வினவுமுன், அவன் எம்மண்ணில் வாழ்ந்து உழைக்கின்றான் என வினவுக. குடியும் நாடும் பிரியாதிருத்தற்கு வழி அதுவே.