சுண்டல் கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு!

நவராத்திரி வந்துவிட்டால் போதும், சாயங்காலம் ஐந்து மணிக்கே எங்கள் தெருவில் பெருங்காய வாசனை கிளம்பிவிடும். ஒரு வீட்டில் கொண்டைக்கடலை, அடுத்த வீட்டில் காராமணி, எதிர் வீட்டில் பச்சைப்பயறு. கொலு பார்க்க வருகிறவர்களுக்கு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு ஒரு பொட்டலம் சுண்டல். தீபாவளிக்கு இனிப்பு கொடுப்பதை எல்லோரும் பரிசு என்கிறோம். இந்தச் சுண்டலை மட்டும் ஏனோ யாரும் பரிசாக நினைப்பதில்லை. என்னைக் கேட்டால், நம் பண்டிகைகளில் உடம்புக்கு நல்லதைச் செய்யும் முதல் பரிசு சுண்டல்தான் என்பேன்.

"அப்புறம் என்ன டாக்டர், நல்லதுதானே? இதில் கட்டுரை எழுத என்ன இருக்கு?" என்று கேட்கிறீர்களா?

இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் நவராத்திரி முடிந்த வாரத்தில் என்னிடம் வருகிறவர்களில் பலர் சொல்வது ஒரே புகார்தான். "வயிறு கல்லு மாதிரி இருக்கு", "நெஞ்சு வரைக்கும் வாயு அடைக்குது", "நாலு தடவை போயிடுச்சு". இதில் சுண்டல் மேல் தப்பில்லை. செய்த விதத்திலும் கொடுத்த விதத்திலும்தான் தப்பு. அந்தத் தப்பை என் வீட்டிலேயே செய்திருக்கிறோம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு மொச்சைச் சுண்டல்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு நவராத்திரி. அன்று வெள்ளிக்கிழமை. நிறையப் பேர் வருவார்கள் என்று என் மனைவி மொச்சையை நாலு கிலோ வேகவைத்தார். காலையில்தான் ஊறப்போட்டது. சீக்கிரம் வேகட்டும் என்று ஒரு சிட்டிகை ஆப்பசோடா. மதியமே தேங்காய் துருவிப் போட்டு, சூடு ஆறுவதற்குள் பொட்டலம் கட்டி அடுக்கியாகிவிட்டது. நானும் கூட உட்கார்ந்து கட்டினேன், மருத்துவர் என்ற நினைப்பே இல்லாமல்!

எதிர் வீட்டு மருமகள் ஆறு மணிக்கு வந்து ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார். அங்கிருந்து இன்னும் நாலு வீட்டுக் கொலு. வீடு திரும்பியபோது இரவு ஒன்பதரை. படி ஏற முடியாத மாமியாருக்கு ஆசையாக அந்தச் சுண்டலைக் கொடுத்திருக்கிறார். பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல். விடிகாலை மூன்று மணிக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. மருத்துவமனையில் சேர்த்து இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். "என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். பாட்டி பேசவில்லை. மருமகள் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. பிறகு பாட்டி மெதுவாகச் சொன்னார், "உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிடாதீங்க தம்பி. ஆசையா குடுத்தாங்க, மனசு கஷ்டப்படும்."

சொல்லாமல் இருக்க முடியுமா? வீட்டுக்கு வந்து சொன்னேன். அன்று எங்கள் வீட்டில் ராத்திரி யாரும் சாப்பிடவில்லை. ஆசையாகக் கொடுத்தது என்பதற்காக உடம்பு அதை மன்னிப்பதில்லை, பாருங்கள்.

எங்கே பிசகியது?

முதல் பிசகு, அரைகுறையாக ஊறியது. பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் இருக்கின்றன. இவற்றைச் சிறுகுடலால் செரிக்க முடியாது. நேரே பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்து வாயுவாகின்றன. நன்றாக ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் இதில் ஒரு பகுதி போய்விடும்.

இரண்டாவது, ஆப்பசோடா. பயறு சீக்கிரம் குழையும், உண்மை. ஆனால் அதிலுள்ள பி வைட்டமின்களில் ஒன்றான தயமின் அழியும். ரத்தக்கொதிப்புக்காரர்களுக்கு வேண்டாத சோடியமும் சேரும். பழைய பயறுதான் வேக மறுக்கும். புதுச் சரக்காக வாங்கினால் சோடாவுக்கு வேலையே இல்லை.

மூன்றாவதுதான் பெரிய பிசகு. தேங்காய் கலந்த ஈரமான பண்டத்தைச் சூட்டோடு மூடிக் கட்டி, மணிக்கணக்காக வைத்தது. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் சுண்டலோ மதியத்திலிருந்து இரவு ஒன்பதரை வரை பொட்டலத்துக்குள்ளேயே வியர்த்துக்கொண்டிருந்தது. கிருமிகளுக்கு அதைவிடச் சுகமான இடம் ஏது?

சித்த மருத்துவம் சொல்வது

புரட்டாசி கார் காலத்தின் கடைசி மாதம். மழையும் புழுக்கமும் மாறி மாறி வரும். இந்தக் காலத்தில் பசித்தீ மந்தமாக இருக்கும் என்பது சித்த மருத்துவக் கணக்கு. மொச்சை, காராமணி, கொண்டைக்கடலை மூன்றும் வாதத்தை, அதாவது வாயுவைக் கூட்டுபவை. பச்சைப்பயறு குளிர்ச்சி, எளிதில் செரிக்கும். கொள்ளு உஷ்ணம். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று பாட்டிகள் சொல்வது இதை வைத்துத்தான்.

வாயுவைக் கூட்டும் பொருளைத் தின்னாதே என்று நம் முன்னோர்கள் சொல்லவில்லை. அதற்கு மாற்றையும் அதே வாணலியில் போட்டார்கள். பெருங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை, சீரகம், மிளகு எல்லாமே அந்த வேலைக்குத்தான். இஞ்சியை மறந்துவிட்டு, பெருங்காயத்தை வாசனைக்கு மட்டும் தூவினால் பாதி மருந்தை விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

சத்துக்கும் குறைவில்லை. உலர்ந்த பச்சைப்பயறு, காராமணி இரண்டிலும் 100 கிராமுக்கு சுமார் 24 கிராம் புரதம் உண்டு. அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பயறுகளில் தாராளம். கொண்டைக்கடலை சர்க்கரையை மெதுவாகவே ரத்தத்தில் சேர்க்கும். 2016-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசப் பருப்பு ஆண்டாகவே அறிவித்துக் கொண்டாடியது. நம் வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு வருடமும் ஒன்பது நாள் கொண்டாடுகிறார்கள், அவ்வளவுதான்!

இனி கொடுக்கும் முறை

மறு வருடம் என் மனைவி ஒரு முடிவு செய்தார். "வீட்டுக்கு வர்றவங்க இங்கேயே உட்கார்ந்து சுடச்சுட ஒரு தொன்னை சாப்பிடட்டும். கையில் கொடுத்தனுப்புறதுக்கு வேற வழி பார்ப்போம்" என்றார். அந்த வேறு வழிதான் உலர் சுண்டல் பை. நீங்களும் செய்யலாம்.

தேவையானவை: கறுப்புக் கொண்டைக்கடலை, வெள்ளைக் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, வெள்ளைக் காராமணி, சிவப்புக் காராமணி, மொச்சை, உலர்ந்த பட்டாணி, கொள்ளு, கடலைப்பருப்பு. ஒவ்வொன்றிலும் 100 கிராம். மொத்தம் 900 கிராம். ஒன்பது நாளைக்கு ஒன்பது சுண்டல். ஒவ்வொன்றும் நாலு பேருக்குத் தாராளமாகப் போதும். அவ்வளவு வேண்டாம் என்றால் ஐந்து வகை போதும்.

பயறுகளைக் கல், சொத்தை பார்த்துப் பொறுக்கி, ஒரு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். சூடு முழுக்க ஆறிய பிறகே கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். தனித்தனியாகக் காகிதப் பையில் கட்டி, எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போடுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை போட்டிருக்கிறது. 2021-இல் மஞ்சப்பையை மீண்டும் கொண்டுவந்ததும் இதற்காகத்தான். மங்கலத்துக்கு மங்கலம், பைக்குப் பை!

சுண்டல் பொடி: தனியா 4 மேஜைக்கரண்டி, கடலைப்பருப்பு 2 மேஜைக்கரண்டி, மிளகாய் வற்றல் 8, மிளகு, சீரகம் தலா ஒரு தேக்கரண்டி, கட்டிப் பெருங்காயம் சிறு துண்டு, தோல் சீவிய சுக்கு அரை விரல் நீளம், நிழலில் காய்ந்த கறிவேப்பிலை ஒரு கைப்பிடி. பெருங்காயத்தை மட்டும் சொட்டு எண்ணெயில் பொரித்து, மற்றதை வெறும் வாணலியில் தனித்தனியாக வறுத்து ஆறவைக்கவும். சுக்கை முதலில் தட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் கொரகொரப்பாகப் பொடிக்கவும். தேங்காய் சேர்க்கவே கூடாது. அது சிக்குப் பிடித்துவிடும். ஒரு சுண்டலுக்கு இரண்டு தேக்கரண்டி பொடி கணக்கு. வாங்குகிறவர்கள் சமைக்கும் அன்று தேங்காயைத் துருவிக்கொள்ளட்டும்.

கூடவே ஒரு சீட்டு

இந்தப் பரிசில் முக்கியமானது பயறு இல்லை, அதோடு வைக்கும் சீட்டுதான். உங்கள் கையால் எழுதி வையுங்கள்:

• கொண்டைக்கடலை, மொச்சை, பட்டாணி, கொள்ளு - இரவு முழுக்க, குறைந்தது 8 மணி நேரம் ஊறவேண்டும். காராமணி 5 மணி நேரம், பச்சைப்பயறு 4 மணி நேரம், கடலைப்பருப்பு ஒரு மணி நேரம்.

• ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்கவும்.

• விசில் கணக்கை நம்பவேண்டாம். ஒரு பயறை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினால் மாவாக நசுங்க வேண்டும். அதுதான் பதம்.

• தாளிக்கும்போது துருவிய இஞ்சி சேர்க்கவும். இறக்கியபின் எலுமிச்சைச் சாறு. அதிலுள்ள வைட்டமின் சி, பயறின் இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும்.

• செய்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடவும். மிச்சத்தை உடனே குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடவும்.

ராஜ்மாவை இந்தப் பையில் நான் சேர்ப்பதில்லை. காரணம், அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள ஒரு நச்சுப் புரதம் கடும் வாந்தியை உண்டாக்கும். ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, கொதிக்கக் கொதிக்க நன்றாக வேகவைத்தால் பயமில்லை. ஆனால் வாங்குகிறவர் எப்படிச் சமைப்பார் என்று நமக்குத் தெரியாதே! வேர்க்கடலையும் அப்படித்தான். சிலருக்கு ஒவ்வாமை உண்டு, பூஞ்சை பிடித்தால் ஆபத்து. கேட்டுக்கொண்டு கொடுப்பதே நல்லது.

யாருக்கு எது?

வயதானவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் பச்சைப்பயறுதான் முதல் தேர்வு. மூன்று, நாலு வயதுக் குழந்தைக்கு முழுக் கொண்டைக்கடலை கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மசித்துக் கொடுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு கறுப்புக் கொண்டைக்கடலையும் கொள்ளும் நல்லது. ஆனால் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாகச் சாப்பிடக்கூடாது. சுண்டல் ஒரு கிண்ணம் என்றால் சாதத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டுவலி, வாயுத் தொல்லை உள்ளவர்கள் மொச்சையையும் காராமணியையும் அளவோடு, பகலில் சாப்பிடலாம். ராத்திரியில் வேண்டாம். கர்ப்பிணிகளுக்குக் கொள்ளு உஷ்ணம் என்று பெரியவர்கள் அதிகம் கொடுப்பதில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதமும் பொட்டாசியமும் அளவாக இருக்கவேண்டும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சுண்டலில் கை வைக்க வேண்டாம். பத்திய மருந்து சாப்பிடுகிறவர்கள் தங்கள் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சாப்பிட்டபின் வெறும் வயிற்று உப்புசம்தான் என்றால் ஓமத் தண்ணீரோ, பெருங்காயம் போட்ட நீர்மோரோ போதும். ஆனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்தால், கைவைத்தியம் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். உப்பு-சர்க்கரைக் கரைசலை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். முதியவர், குழந்தை என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. சித்த மருத்துவனாகிய நானே இதைச் சொல்கிறேன்.

அந்த மறு வருட நவராத்திரியில் முதல் பையை என் மனைவி எதிர் வீட்டுக்குத்தான் எடுத்துக்கொண்டு போனார். மொச்சை மட்டும் இல்லாமல், பச்சைப்பயறு இரண்டு பங்காக. மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் பாட்டி பையை வாங்கிப் பிரித்துப் பார்த்து, சீட்டை மருமகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம். கேட்டு முடித்துவிட்டு, "இஞ்சி போடணும்னு எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாராம். இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் அந்த வீட்டு மருமகள் மூடிபோட்ட கிண்ணத்தோடு வந்தார். பச்சைப்பயறுச் சுண்டல். "அத்தை அவங்களே நின்னு தாளிச்சாங்க. ஆறுறதுக்குள்ள சாப்பிடச் சொன்னாங்க" என்றார்.

சுடச்சுடச் சாப்பிட்டோம். இஞ்சி சற்றுத் தூக்கலாகவே இருந்தது!