வளவில் தானாக முளைத்த கொடி: என்ன செய்யலாம்?

பல வருடங்களின் பின் வளவுக்குத் திரும்பும்போது, நீங்கள் நடாத கொடிகள் வேலியிலும் கிணற்றடியிலும் இடிந்த சுவரிலும் படர்ந்திருப்பதைக் காண்பீர்கள். பறவைகள் போட்ட விதைகளும் மண்ணுக்குள் கிடந்த கிழங்குகளும் மாரி மழையோடு முளைத்துவிடும். இவற்றுள் கறிக்கு உதவுபவை உண்டு. உயிருக்கு ஆபத்தானவையும் உண்டு. எனவே அவசரப்பட்டுப் பிடுங்கவும் வேண்டாம், அவசரப்பட்டுச் சமைக்கவும் வேண்டாம்.

1. கொடியைத் தொடுமுன்

உங்கள் காணி மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். கொடிக்குள் கம்பியோ இனந்தெரியாத இரும்புப் பொருளோ தெரிந்தால் தொடாதீர்கள், இழுக்காதீர்கள், கல் எறியாதீர்கள். பற்றைக்கு நெருப்பும் வைக்காதீர்கள். சூட்டில் வெடிபொருள் வெடிக்கலாம். வந்த வழியாலேயே திரும்பிச் சென்று பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

பாதுகாப்பான காணியிலும் கொடி மூடிய பழைய கிணறும் மலசலகூடக் குழியும் இருக்கலாம். நீண்ட தடியால் தட்டிப் பார்த்து, வெளிப்பக்கத்திலிருந்து சிறிது சிறிதாக வெட்டுங்கள். பாம்பு குறித்தும் கவனம் தேவை.

2. இனங்காணுதல்

உணவாகும் கொடிகள்:
- முசுட்டை: இலையின் அடிப்பக்கம் வெள்ளியாக மினுங்கும். இலையை வறை செய்யலாம்.
- கொவ்வை: வெள்ளைப் பூ, பழுத்தால் சிவக்கும் சிறு காய். இலையும் காயும் கறிக்கு உதவும்.
- பாகல், சுரை, பீர்க்கு.

ஆபத்தான கொடிகள்:
- கார்த்திகைப்பூக் கொடி: இலை நுனி சுருண்டு பற்றிப் பிடிக்கும். பூ மஞ்சளாக விரிந்து சிவப்பாக மாறும். எல்லாப் பாகமும் நஞ்சு. கிழங்கு மிகக் கொடியது. உண்ணும் கிழங்கென நினைத்து அவித்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு.
- குன்றிமணி: கறுப்புப் புள்ளியுள்ள சிவப்பு விதை. பிள்ளைகள் விளையாட எடுப்பார்கள். மென்றால் நஞ்சாகும்.
- பூனைக்காலி: காயிலுள்ள சுணை கடும் அரிப்பைத் தரும். கையையும் முகத்தையும் மூடிக்கொண்டு அகற்றுங்கள்.

பெயர் தெரியாத எதையும் ருசி பார்க்க வேண்டாம். ஊரில் மூத்தவர்களிடமோ விவசாயப் போதனாசிரியரிடமோ காட்டிக் கேளுங்கள்.

3. நல்ல கொடியை வளர்த்தல்

திடமான இரண்டு கன்றுகளை விட்டு மற்றவற்றை அகற்றுங்கள். பழைய தடிகளால் பந்தல் போட்டு, அடியில் சருகும் சாணமும் இடுங்கள். தானாக முளைத்த சுரையும் பீர்க்கும் சிலவேளை கசக்கும். சமைக்குமுன் சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் அந்தக் கொடியின் காய் எதையும் உண்ண வேண்டாம். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கசக்காத கொடியில் ஒரு காயை முற்றவிட்டு, அடுத்த போகத்துக்கு விதை எடுங்கள்.

4. யாராவது நஞ்சை உட்கொண்டால்

வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும்வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். உண்ட கிழங்கின் அல்லது விதையின் மிகுதியையும் கொண்டு செல்லுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள்.

வீட்டில் கலந்துரையாடுங்கள்

- எங்கள் வளவில் எந்த இடம் இன்னும் பற்றையாக உள்ளது?
- அங்கே பிள்ளைகள் போகாதிருக்க என்ன செய்துள்ளோம்?
- கார்த்திகைப்பூவையும் குன்றிமணியையும் பிள்ளைகள் பார்த்தவுடன் அடையாளம் காண்பார்களா?