பொக்காளி நிலங்களும் அரசு உதவியும்

கொச்சி மட்டாஞ்சேரியின் பழைய பண்டகசாலைகளைக் கடந்து தெற்கே சென்றால், கும்பளங்கி, செல்லானம் ஆகிய ஊர்களில் உப்பங்கழியை ஒட்டிய தாழ்நிலங்களைக் காணலாம். வடக்கே வைப்பின், கடமக்குடி, ஏழிக்கரை பகுதிகளிலும் இத்தகைய நிலங்கள் உள்ளன. இவையே பொக்காளி நிலங்கள். உப்பைத் தாங்கி, வெள்ளத்திற்கு மேல் தலைநிமிர்ந்து வளரும் நெல்லின் பெயரே நிலத்திற்கும் வழங்குகிறது. எறணாகுளம், திருச்சூர், ஆலப்புழை மாவட்டங்களில் ஒரு காலத்தில் இச்சாகுபடிப் பரப்பு ஏறத்தாழ 25,000 ஹெக்டேர் என்று மதிப்பிடப்பட்டது. இன்று அதில் ஒரு சிறு பகுதியில் மட்டுமே நெல் விளைகிறது. இந்நிலங்களைக் காக்க அரசு அளிக்கும் உதவியின் தன்மையையும் வரம்பையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெல்லும் இறாலும்

இங்கு ஓராண்டு இரண்டு பருவங்களாகப் பிரிகிறது. ஏப்ரல் நடுவில் நிலத்து நீர் வடிக்கப்பட்டு, கரைகளும் மதகுகளும் செப்பனிடப்படுகின்றன. மண்ணைச் சிறு மேடுகளாகக் குவித்து வைக்கின்றனர். சூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை அம்மேடுகளின் உப்பைக் கழுவிவிடும். பின்னர் முளைகட்டிய விதையை மேடுகளின் மீது விதைக்கின்றனர். ஏறத்தாழ ஒரு மாதம் சென்றதும் மேடுகளை நாற்றுடன் வெட்டி வயலெங்கும் பரப்புகின்றனர். உரமோ பூச்சிக்கொல்லியோ இடுவதில்லை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் கதிர்களை மட்டும் கொய்து, தாளை நீரிலேயே விட்டுவிடுகின்றனர்.

நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை இறால் பருவம். கடல் ஏற்றத்தில் மதகு வழியே உட்புகும் இறால் குஞ்சுகள், அழுகும் தாளை ஆதாரமாகக் கொண்டு வளர்கின்றன. இறக்கத்தில் மதகில் வலை கட்டி அவற்றைப் பிடிக்கின்றனர். ஆக, நெல்லின் கழிவு இறாலுக்கு உணவு. இறாலின் கழிவு நெல்லுக்கு உரம்.

இந்நெல்லின் பயன் ஊர் எல்லையைக் கடந்தது. உவர் தாங்கும் பண்பிற்குரிய ‘சால்டோல்’ என்னும் மரபுக்கூறு பொக்காளி நெல்லிலிருந்தே கண்டறியப்பட்டது. பல நாடுகளின் நெல் ஆராய்ச்சியில் அது பயன்படுகிறது. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வைற்றிலா நெல் ஆராய்ச்சி நிலையம் இந்நிலங்களுக்கென்றே ‘வைற்றிலா’ வரிசை இரகங்களை வெளியிட்டுள்ளது.

சுருங்கியதன் காரணங்கள்

சேற்று நிலத்தில் பெரும்பாலான இயந்திரங்கள் இறங்கா. நீரில் நின்று கொய்யும் ஆட்கள் அருகிவிட்டனர், கூலியோ உயர்ந்துள்ளது. நெல் தரும் வருவாயைவிட இறால் தருவது அதிகம். ஆகவே ஆண்டு முழுவதும் உப்புநீரைத் தேக்கிவைக்கும் ஆசை எழுகிறது. ஒரு கரைக்குள் பலருடைய வயல்கள் அடங்கியிருப்பதால், நீரை வடிக்க ஒரு சிலர் இணங்காவிடினும் மற்றவர் நெல் பயிரிட இயலாது. தனி உழவரின் விருப்பம் மட்டும் இங்குப் போதாது என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

அரசின் நடவடிக்கைகள்

1996ஆம் ஆண்டு பொக்காளி நில மேம்பாட்டு முகமை அமைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் பண்ணைகளுக்குத் தடை விதித்தபோது, மரபுவழி முறைகளுக்கு விலக்களித்தது. 2008ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வயலை நிரப்புவதைத் தடை செய்தது. அச்சட்டப்படி ஊராட்சித் தலைவரின் தலைமையில், வேளாண்மை அலுவலரை அமைப்பாளராகக் கொண்டு, உழவர் பிரதிநிதிகளும் அடங்கிய கண்காணிப்புக் குழு செயற்படுகிறது. பொக்காளி அரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. 2020இல் கேரள அரசு, நெல்வயலைப் பேணும் உரிமையாளர்களுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 2,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. வயல் நெல்லை மட்டுமன்றி நிலத்தடி நீரையும் வெள்ளத் தடுப்பையும் தருகிறது என்ற கருத்தை ஏற்றதே இதன் சிறப்பு.

உதவி யாருக்கு, எப்போது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1985இல் தொடங்கிய நிலப் பாதுகாப்புத் திட்டம், எளிதில் அரிக்கப்படும் நிலத்தில் பயிரிடாதிருக்க உழவருக்கு வாடகை தருகிறது. பொக்காளியின் நிலை இதற்கு நேர்மாறானது. இங்குப் பயிரிடுவதே பாதுகாப்பு. நெல் நின்றுவிட்டால் கரை தளரும், விதை அழியும், அண்டை வீடுகளின் சுவரை உப்பு அரிக்கும். எனவே வெளிநாட்டு முறையை அப்படியே மேற்கொள்ளுதல் பொருந்தாது.

திட்டம் வகுப்போர் மூன்று செய்திகளைக் கருத வேண்டும். முதலாவது, காலம். கரைக்கும் மதகிற்கும் உரிய தொகை மழைக்கு முன்னரே சேர வேண்டும். சூலையில் வரும் பணம் அவ்வாண்டின் விதைப்பிற்கு உதவாது. இரண்டாவது, பெறுபவர். உரிமையாளருக்குச் செல்லும் ஊக்கத்தொகை, குத்தகைக்கு உழுபவரையும் கதிர் கொய்யும் பெண்களையும் தானாகவே சென்றடையாது. அவர்களுக்கெனத் தனிப் பங்கு வேண்டும். மூன்றாவது, அலகு. ஒரே கரைக்குள் அமைந்த வயல்தொகுதியையே உதவியின் அலகாகக் கொண்டு, ஏப்ரல் நடுவில் நீர் வடிக்கப்பட்டதை உறுதி செய்த பின்னரே இறால் உரிமத்தைப் புதுப்பித்தல் தகும்.

‘ஒரு நெல், ஒரு மீன்’ என்பது இந்நிலத்திற்குரிய கொள்கை. இறாலின் வருவாய் நெல்லின் இழப்பை ஈடுசெய்வதே மரபு. இறாலுக்காக நெல்லைக் கைவிடுதல் அன்று. இச்சமநிலையைக் காக்கும் வகையில் செலவிடப்படும் பணமே பயனுள்ள உதவியாகும். ஒருமுறை முற்றிலும் கைவிடப்பட்ட கரையை மீண்டும் எழுப்ப ஆகும் செலவு, ஆண்டுதோறும் பேணும் செலவைக் காட்டிலும் மிகுதி என்பதை நிருவாகத்தினர் மனத்திற்கொள்வது நலம்.