இளம் வரலாற்று ஆய்வாளருக்கு: பொழிவும் பயிலரங்கும்

பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் பொதுமக்களுக்காக நடத்துபவை பெரும்பாலும் இரண்டு: பொழிவு, பயிலரங்கு. பொழிவு ஒரு மணி நேரத்தில் முடிவைச் சொல்லிவிடும். அந்த முடிவு எப்படிக் கிடைத்தது என்பது பயிலரங்கில்தான் தெரியும். இளம் ஆய்வாளருக்கு முதலில் வாய்ப்பது மேடை. தொழில் படிவது மற்றதில்.

பொழிவில் அரங்கு கைதட்டும் இடத்தில்தான் கவனம் வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) இதற்கு நல்ல சோதனை. அவை விவரிக்கும் குடவோலை முறை என்றதுமே உலகின் முதல் மக்களாட்சி என்ற வாசகம் நாக்கு நுனிக்கு வந்துவிடும். கல்லில் இருப்பது வேறு. அது பிராமணர் ஊரின் சபை. 921ஆம் ஆண்டு விதிப்படி, வாரியம் என்ற ஊர்க் குழுவுக்கு வருபவர் 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் வேண்டும். நடந்ததும் வாக்கெடுப்பு அன்று, குலுக்கல். விவரம் தெரியாத சிறுவன் ஒருவன் குடத்திலிருந்து ஓலையை எடுக்க, நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். விரல் மடங்கினால் சந்தேகம் வரும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டார்கள். இத்தனையையும் சொன்னால் கல்வெட்டின் மதிப்பு குறையாது, கூடும். பேசுபவர் அரைகுறையாகச் சொல்வதுதான் குறை.

பயிலரங்கில் பேச்சைக் குறைத்துக் கல்லைக் காட்டுவதே முறை. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலோ அறநிலையத் துறையின் பொறுப்பிலோ உள்ள இடமென்றால் முன்கூட்டியே அனுமதி வேண்டும். மைப்படி எடுக்க, கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளைப் படியவைத்து, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்க வேண்டும். தாள் ஓரளவு காய்ந்ததும் மைப்பொதியால் ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் சுற்றிடம் கறுப்பாகவும் எழும். அவசரப்பட்டு ஈரத்தில் மை ஒற்றினால் எல்லாம் கரிப்பூச்சு. ஒரு கல்லுக்கு ஐந்தாறு பேருக்கு மேல் நின்றால் பின்னால் இருப்பவர் வெறும் பார்வையாளர்தான்.

படிப்பதில்தான் உண்மையான திணறல். பெரும்பாலான சோழர் கல்வெட்டுகளில் புள்ளி இராது. எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடும் காட்டப்படாது. ஆகவே ‘கொல’ என்று வெட்டியிருப்பதைக் கொல், கோல், கோல என்று படிக்கலாம். இடம் பார்த்துத்தான் முடிவு. நடுவே கிரந்த எழுத்துகள் வரும். அரசன் பெயர் இன்னொரு சிக்கல். சோழர் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினர். ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ என்று இருந்தால் முதலாம் பராந்தகன். வெறும் கோப்பரகேசரி என்றால் விசயாலயனாகவும் இருக்கலாம், உத்தம சோழனாகவும் இருக்கலாம். எழுத்தமைதியும் உள்ளே வரும் ஆட்களின் பெயர்களும் துணை நிற்க வேண்டும். இந்தத் தயக்கத்தைப் பங்கேற்பாளர் பட்டு உணரட்டும். பயிற்றுநர் உடனே விடையை எடுத்துக் கொடுக்கலாகாது.

அச்சான வாசகத்தைக் கடைசியில் காட்டுவது நல்லது. 1890இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் அந்தக் கல்வெட்டு இருந்தால், பங்கேற்பாளர் படித்ததையும் அச்சையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, மாறுபடும் இடத்தில் மறுபடி கல்லிடமே போக வேண்டும். மைப்படியின் பின்புறம் ஊர், கோயில், எந்தச் சுவர், எந்தப் பக்கம், எடுத்த நாள் ஆகியவற்றைப் பென்சிலால் அங்கேயே எழுதிவிட வேண்டும். துறைக்குத் திரும்பி எழுதலாம் என்று விட்ட தாள்கள் எந்தச் சுவருக்கு உரியவை என்று பிறகு கண்டுபிடிப்பது கடினம்.