தகட்டில் ஒரு கோபுரம்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

தபால்தலை சேர்ப்பவர்களும் நாணயம் சேர்ப்பவர்களும் நம் பள்ளியில் பலர் உண்டு. நான் கோபுரமும் இரயில் எஞ்சினும் சேர்க்கிறேன் என்றால் தோழியர் சிரிக்கிறார்கள். எல்லாம் உள்ளங்கையில் அடங்கும் உலோக மாதிரிகள்தாம். இதுவரை நான்கு சேர்ந்துள்ளன. நான்காவதான ஈபிள் கோபுரத்தைப் பற்றித்தான் இங்கு எழுதப் போகிறேன். அதில்தான் நான் தவறு செய்தேன்.

உறையைப் பிரித்தால் கோபுரம் இராது. மெல்லிய எஃகுத் தகடு ஒன்றுதான் இருக்கும். லேசர் கதிரால் வெட்டப்பட்ட பாகங்கள், சிறு சிறு இணைப்புகளால் மட்டும் அத்தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பசை தேவையில்லை, பற்றவைக்கவும் வேண்டாம். ஒரு பாகத்தின் விளிம்பில் சிறு நாக்குகள் இருக்கும். மற்றொன்றில் அவற்றுக்குரிய துளைகள் இருக்கும். நாக்கைத் துளையில் நுழைத்து மடித்தாலோ முறுக்கினாலோ இரண்டும் பிரியாமல் நிற்கும். அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த ஒரு நிறுவனம் இவற்றை ‘மெட்டல் எர்த்’ என்ற பெயரில் வெளியிடுகிறது. ஜப்பானிலும் சீனாவிலும் இத்தகைய தகடுகள் தயாராகின்றன.

என் தந்தையார் குவைத்தில் பணிபுரிகிறார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரு தகடு கொண்டுவருவார். அவர் குறடு பிடிப்பார். நான் படத்தைப் பார்த்து எந்தப் பாகம் என்று சொல்வேன். இவ்வாண்டு அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. உடன் வேலை செய்யும் மாமா ஒருவரிடம் தகட்டைக் கொடுத்தனுப்பிவிட்டு, “நீயே செய்யம்மா, வந்து பார்க்கிறேன்” என்று தொலைபேசியில் சொன்னார்.

செய்ய விரும்பும் தோழியருக்குச் சில குறிப்புகள். பாகத்தைக் கையால் பிய்க்காதீர்கள், வளைந்துவிடும். நகவெட்டி போதும். ஒரு பாகத்தைப் பொருத்திய பிறகே அடுத்ததை வெட்டுங்கள். ஒரேயடியாக வெட்டிக் குவித்தால் எது எதுவென்று தெரியாது. (எங்கள் வீட்டில் ஒரு பாகம் துடைப்பத்தோடு போய், குப்பைமுறத்தில் அகப்பட்டது.) வளைவான பாகங்களைப் பென்சிலின் மேல் உருட்டினால் சீராக வளையும். வெளியே தெரியும் இடத்தில் நாக்கை மடிக்க வேண்டும், மறைவான இடத்தில் முறுக்கலாம். மடிக்குமுன் இருமுறை பாருங்கள்.

நான் ஒருமுறைதான் பார்த்தேன். நான்காவது காலைத் தலைகீழாகப் பொருத்திவிட்டு, நாக்கை நிமிர்த்தி, மீண்டும் மடித்தேன். மறுபடியும் கோணல். மறுபடியும் நிமிர்த்தினேன். நாக்கு ஒடிந்து மேசையில் விழுந்தது.

ஒரு கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்தால் ஒடியும் என்பது நமக்குத் தெரியும். ஏன் என்று சிஸ்டரிடம் கேட்டேன். உலோகம் ஒருமுறை வளையும்போது அதன் உள்ளே அணு அடுக்குகள் நழுவிச் சிக்கிக்கொள்கின்றன. வளைந்த இடம் முன்னைவிடக் கடினமாகிறது, ஆனால் வளைந்துகொடுக்கும் தன்மை குறைகிறது. மேலும் மேலும் வளைத்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு தோன்றி வளர்ந்து முறிந்துவிடுகிறது என்று விளக்கினார். உலோகத்துக்கும் சோர்வு உண்டாம்.

அதோடு விடாமல் சிஸ்டர் ஒரு கணக்கும் கொடுத்தார். பாரிஸ் கோபுரத்தின் உயரம் 330 மீட்டர், அதன் இரும்பு 7,300 டன். என் மாதிரி சுமார் 11 செ.மீ.; அதாவது 3,000 மடங்கு சிறியது. அதே விகிதத்தில் அமைந்தால் அதன் எடை என்ன? நான் 3,000ஆல் வகுத்து, “இரண்டரை டன், சிஸ்டர்” என்றேன். வகுப்பே சிரித்தது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 3,000 மடங்கு குறைவதால், எடையை மூன்று முறை 3,000ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.27 கிராம். பத்துப் பன்னிரண்டு அரிசி மணிகளின் எடைதான்!

மாதிரியை எங்கள் தெரு நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 9 கிராம் இருந்தது. விகிதப்படி இருக்க வேண்டியதைப்போல் முப்பது மடங்குக்கும் மேல்! தாள்போல் தோன்றும் என் தகடு உண்மையில் மிகவும் தடித்தது. நிஜக் கோபுரமோ பெரும்பாலும் காற்றுதான். அதை உருக்கி, 125 மீட்டர் பக்கமுள்ள அதன் அடிச்சதுரத்தில் ஊற்றினால், இரும்பு வெறும் 6 செ.மீ. உயரமே நிற்கும். இதைக் கணக்கிட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அக்கோபுரமும் என் மாதிரியைப் போலவே வேறோரிடத்தில் வெட்டிக் கொண்டுவரப்பட்ட பாகங்களால் ஆனதுதான். 18,038 பாகங்கள் பாரிஸை அடுத்த குஸ்தாவ் ஈபிளின் தொழிற்சாலையில் தயாராயின. ஏதேனும் பொருந்தாவிட்டால் அங்கேயே தட்டிச் சரிசெய்யாமல், தொழிற்சாலைக்கே திருப்பியனுப்பினார்கள். 1887 ஜனவரியில் தொடங்கிய வேலை 1889 மார்ச் 31இல் முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது கால்களின் கதை. சாய்ந்து எழும் நான்கு கால்களும் முதல் தளத்தில் இம்மி பிசகாமல் சந்திக்க வேண்டும். சிறிதேனும் பிசகும் என்று பொறியாளர்கள் முன்பே எதிர்பார்த்தார்கள். ஆகவே கால்களைத் தாங்கிய சாரங்களில் மணல் நிரப்பிய பெட்டிகளை வைத்தார்கள். மணலைச் சிறிது வெளியேற்றினால் கால் சிறிது இறங்கும். கால்களின் அடியில் நீர்விசைத் தூக்கிகளும் இருந்தன. உயர்த்த வேண்டுமானால் அவற்றால் உயர்த்தலாம். இவ்வாறு சரிபார்த்து, 1887 டிசம்பரில் கால்களை இணைத்தார்கள்.

என் தகட்டை அனுப்பத் தொழிற்சாலையும் இல்லை, மணல் பெட்டியும் இல்லை. பசை போட்டு ஒட்டிவிடு என்றார் அம்மா. எனக்கு மனம் வரவில்லை. மற்ற நாக்குகளை மடித்து முடித்ததும் கோபுரம் நின்றது. ஆனால் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பழைய பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் ஒரு சிறு துண்டு வெட்டி, இரண்டாக மடித்து அந்தக் காலின் அடியில் செருகினேன்.

எங்கள் ஊரில் கடற்காற்று அதிகம். துருப்பிடிக்காமலிருக்க, காலணிப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து, மாதிரிகளோடு கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

சென்ற ஞாயிறன்று அப்பா தொலைபேசியில், “கோபுரம் நேரா நிக்குதாம்மா?” என்று கேட்டார்.

“அட்டை வைச்சிருக்கேன்பா” என்றேன்.

“நான் வர்றவரைக்கும் அதை எடுக்காதே” என்றார்.